எந்த எஞ்சின் நம்ம மண்ணுக்கு? நைட்ரோ பக்கி கேள்வி – பதில்

சென்ற இதழில் ரிமோட் கார் பந்தயம் பற்றி வந்த பக்கத்துக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சினைப் பற்றியவை. பாளையங்கோட்டை, தென்காசி, திசையன்விளை என்று பல திசையிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, 1/8 அளவு பக்கி (மண் தடத்தில் ஓடும் ரிமோட் கார்) ஒன்றை எஞ்சின் இல்லாமல் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று எஞ்சின் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தைவான் தயாரிப்பு. மூன்று போர்ட், இரண்டு பேரிங்கும் ஸ்டீல். இரண்டாவது ஜப்பான் எஞ்சின். ஐந்து போர்ட், பின் பேரிங் செராமிக். மூன்றாவது இத்தாலி எஞ்சின். ஏழு போர்ட், பெட்டியில் குதிரைத்திறன் மற்ற இரண்டையும்விட அதிகமாகப் போட்டிருக்கிறது. மூன்றுமே 21 என்கிறார்கள். எதை வாங்கட்டும்?

பதில்: பெட்டியில் போட்டிருக்கும் குதிரைத்திறனை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த எரிபொருளில், எந்த எக்சாஸ்ட் பைப்பை மாட்டி, எத்தனை சுற்றில் அளந்தார்கள் என்பதை எல்லாப் பெட்டியும் சொல்வதில்லை. அந்த உச்சத் திறன் பெரும்பாலும் நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டித்தான் கிடைக்கும். நம் பக்கம் கோடையில் வற்றிய குளத்துக்குள் போடும் தடத்தில் நேர்ப்பாதை முப்பது, நாற்பது மீட்டருக்கு மேல் இருக்காது. எஞ்சின் அந்தச் சுற்றை எட்டுவதற்குள் வளைவு வந்துவிடும்.

21 என்பது 0.21 கன அங்குலம். ஒரு கன அங்குலம் 16.39 சி.சி. என்பதால் ஏறத்தாழ 3.5 சி.சி. ஆகிறது. 1/8 பக்கிக்கு விதி அனுமதிக்கும் உச்சமும் 3.5 சி.சி.தான். ஆகவே கொள்ளளவில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு வேறு இடங்களில் இருக்கிறது.

முதலில் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கேளுங்கள். போர் (உருளையின் உள்விட்டம்) 16.27 மி.மீ., ஸ்ட்ரோக் 16.8 மி.மீ. என்றால் 3.49 சி.சி. போர் 16.6, ஸ்ட்ரோக் 16 என்றால் 3.46 சி.சி. முன்னது நீள ஸ்ட்ரோக். வளைவிலிருந்து எழும்போதே இழுக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்காது. பின்னது சுற்றை விரும்பும் எஞ்சின். நீளமான, வழவழப்பான தார்த் தடத்துக்கு நல்லது. பக்கிக்கு நீள ஸ்ட்ரோக்தான் எங்கள் தேர்வு.

அடுத்தது போர்ட். கிராங்க் அறையிலிருந்து கலவை மேலே ஏறும் வழிகள் இவை. வழி கூடினால் அதிக சுற்றில் எஞ்சின் நன்றாக மூச்சு விடும். ஆனால் குறைந்த சுற்றில் கலவையின் வேகம் விழுந்து பிக்கப் மந்தமாகும், எரிபொருளும் கூடுதலாகப் போகும். மூன்று போர்ட் எஞ்சினில் இது தலைகீழ். எண்ணும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் எக்சாஸ்ட் போர்ட்டையும் சேர்த்து எண்ணுவார்கள். எண்ணை மட்டும் ஒப்பிடாமல் பின் மூடியைக் கழற்றி, பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான ஸ்லீவைப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது மைலேஜ். நம் ஊரில் பலர் கணக்கில் எடுக்காத விஷயம் இதுதான், பந்தயத்தைத் தீர்மானிப்பதும் இதுதான். 1/8 பக்கியின் டேங்க் 125 சி.சி.க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு டேங்குக்கு 9 நிமிடம் ஓடும் எஞ்சின் 30 நிமிட இறுதிப் போட்டியில் மூன்று முறை பிட்டுக்குள் (எரிபொருள் நிரப்பும் இடத்துக்குள்) வந்தால் போதும். 7 நிமிடம் ஓடுவது நான்கு முறை வர வேண்டும். உள்ளே நுழைந்து, நிரப்பி, வெளியேற எப்படியும் பத்து விநாடி போய்விடும். அந்தப் பத்து விநாடியைத் தடத்தில் மீட்க, ஒவ்வொரு சுற்றிலும் அரை விநாடி வேகமாக ஓட்டினாலும் இருபது சுற்று வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி ஒரு மணி நேரம் என்பதால் அங்கே இந்த வித்தியாசம் இரட்டிப்பாகும்.

மைலேஜைக் கார்புரேட்டர் வாயில் போடும் வளையத்தாலும் மாற்றலாம். 6, 6.5, 7, 8 மி.மீ. என்று கிடைக்கும். சிறிய வளையம் போட்டால் உச்ச வேகம் கொஞ்சம் குறையும்; திராட்டில் மென்மையாகும், டேங்க் நீளும். பொடி மண் மூடிய தடத்தில் 6.5 போட்டவர் 8 போட்டவரை முந்துவது சாதாரணம், ஏனென்றால் 8 போட்டவரின் சக்கரம் பாதி நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

செராமிக் பேரிங்கில் குண்டு மட்டும்தான் சிலிக்கான் நைட்ரைடு, வளையம் ஸ்டீல்தான். குண்டு துருப்பிடிக்காது, எடை குறைவு, அதிக சுற்றைத் தாங்கும். ஆனால் மணல் உள்ளே போனால் செராமிக்கும் போகும், ஸ்டீலும் போகும். இதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் முடிவு: இரண்டாவதை வாங்குங்கள். கை கடித்தால் முதலாவது. அதை வைத்தும் பந்தயம் ஜெயிக்கலாம். மூன்றாவது உங்கள் தடத்துக்கு வேண்டாம். எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று உதிரியைக் கேளுங்கள்: கனெக்டிங் ராட், பின் பேரிங், கார்புரேட்டர் ஓ-ரிங். இவை பத்து நாளில் கைக்கு வராது என்றால் எவ்வளவு நல்ல எஞ்சினும் அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கும். மிச்சப்படும் பணத்தில் நான்கு ஏர் ஃபில்டரும் ஒரு வெப்பமானித் துப்பாக்கியும், கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக் ஆறும் வாங்கிவிடுங்கள்.

திசையன்விளை வாசகர்: எங்கள் ஊர்த் தேரி மணலில் ஓட்டுகிறோம். புது எஞ்சின் ஒன்றரை லிட்டர் எரிபொருள்கூட ஓடவில்லை, கம்ப்ரஷன் போய்விட்டது. எஞ்சின் தரமில்லாததா?

பதில்: எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 3.5 சி.சி. எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ அவ்வளவு கலவையை உள்ளே இழுக்கிறது. முழுத் திராட்டிலில் 35,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 120 லிட்டர் காற்று. ஒரு டேங்க் முடிவதற்குள் பல நூறு லிட்டர், அதுவும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முன்னால் ஓடும் வண்டி கிளப்பிய புழுதிக்குள்ளிருந்து. தேரியின் செம்மணல் காற்று அள்ளிக்கொண்டு வந்து சலித்துக் கொட்டிய மண். கண்ணுக்குத் தெரியும் மணலை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். அதன் மேல் படிந்திருக்கும் செந்தூள், விரலில் தேய்த்தால் குங்குமம் மாதிரி ஒட்டுமே, அதுதான் ஸ்லீவைத் தின்கிறது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, கார்புரேட்டர் வாயின் உட்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தால் சரி. சிவப்பு தெரிந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. பிறகு பின் மூடியைக் கழற்றிப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். மேலிருந்து கீழாக நேர்கோட்டுக் கீறல் இருந்தால் அது தூசியின் வேலை. எரிபொருள் குறைந்து சூடேறிய பிஸ்டனில் இப்படி நுண்ணிய கோடு வராது. எக்சாஸ்ட் பக்கம் திட்டாகத் தேய்ந்து, உச்சியில் பழுப்பு ஏறியிருக்கும்.

தூசி நுழையும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, ஃபில்டர் ரப்பர் கார்புரேட்டர் கழுத்தில் உட்காரும் இடம். அங்கே பிளாஸ்டிக் டை கட்டியிருந்தாலும் வண்டி குட்டிக்கரணம் போடும்போது நெகிழ்ந்துவிடும். கழுத்தைத் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவி, இரண்டு டை எதிரெதிர்ப் பக்கம் முடிச்சு வரும்படி கட்டுங்கள். இரண்டு, ஃபோமின் ஒட்டுச் சந்தி. அது பிளந்திருந்தால் ஃபில்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். மூன்று, எண்ணெய் போடாத ஃபோம். ஃபோம் வெறும் வலைதான். தூசியைப் பிடிப்பது அதிலிருக்கும் பிசுக்கான எண்ணெய்.

ஃபில்டரைக் கழுவ மண்ணெண்ணெய் அல்லது பாத்திரம் துலக்கும் திரவமும் வெந்நீரும் போதும். நைட்ரோ எரிபொருளில் கழுவாதீர்கள், ஒட்டு கரைந்துவிடும். நிழலில் நன்றாக உலர்ந்தபின் உள்ஃபோம், வெளிஃபோம் இரண்டையும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஃபில்டர் எண்ணெயை ஊற்றிப் பிசையுங்கள். ஃபோம் முழுக்க ஒரே நிறம் வர வேண்டும். பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் அந்த எண்ணெய் கார்புரேட்டருக்குள் இறங்கி எஞ்சினைத் திணறடிக்கும். தேரியில் ஒரு ஓட்டத்துக்கு ஒரு ஃபில்டர். நான்கு தயார் செய்து மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள். தடத்திலேயே ஃபில்டரைக் கழற்றுவதானால், முதலில் சுற்றியிருக்கும் புழுதியைத் தூரிகையால் தட்டிவிட்டு, வண்டியைச் சாய்த்துப் பிடித்துக் கழற்றுங்கள். வாய் திறந்த கார்புரேட்டருக்குள் தெரியாமல் ஒரு சிட்டிகை மண் விழுந்துவிட்டால் ஆயுளில் பாதி அந்த நிமிடமே போய்விடும்.

உங்கள் எஞ்சினுக்கு இனி ஸ்லீவ், பிஸ்டன், ராட் மூன்றும் சேர்ந்த செட்தான் வழி. பல எஞ்சினுக்கு அந்த செட்டின் விலை புது எஞ்சினின் விலையில் பாதிக்கு வந்துவிடும். கிராங்க் அறையைக் கழுவாமல், பேரிங்கை மாற்றாமல் புது செட்டைப் போட்டீர்களானால் மிச்சமிருக்கும் தூசி அதையும் முடித்துவிடும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: புது எஞ்சினின் பிளைவீலைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே போய் இறுகி நின்றுவிடுகிறது. கடைக்காரர் அப்படித்தான் இருக்கும் என்கிறார். மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. இந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவ் பித்தளை, உள்ளே குரோம் பூச்சு, பிஸ்டன் அலுமினியக் கலவை. ஸ்லீவின் மேல் பாகம் கீழ்ப் பாகத்தைவிட மயிரிழை ஒடுக்கமாகக் கடையப்பட்டிருக்கும். எஞ்சின் சூடேறும்போது மேல்பாகம்தான் அதிகம் விரியும். விரிந்தபின் பிஸ்டனுக்குச் சரியாகப் பொருந்தும். குளிர்ந்த நிலையில் இறுகுவதைப் பிஞ்ச் என்பார்கள். அது இல்லாமல் வழவழவென்று சுற்றினால்தான் கவலைப்பட வேண்டும். பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்: பிளக்கைக் கழற்றி, குளிர்ந்த எஞ்சினைச் சுற்றும்போது உச்சியில் ஒரு பிடிப்புத் தெரிய வேண்டும்.

இறுகிய எஞ்சினைப் பச்சையாக ஸ்டார்ட் செய்யாதீர்கள். இறுக்கத்தை உடைத்துக்கொண்டு பிஸ்டன் ஏற வேண்டியிருப்பதால் பாரம் முழுக்க கனெக்டிங் ராட் மேல் விழும். முடி உலர்த்தும் டிரையரால் ஹெட்டைத் தொட முடியாத சூடு வரும்வரை, ஏழெட்டு நிமிடம், காட்டுங்கள். பிறகு, பிளைவீலை மோட்டாரால் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்கு யு.பி.எஸ். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி போதும்.

முதல் இரண்டு, மூன்று டேங்க் ஸ்லோ ஸ்பீடில், சக்கரம் தரையில் படாமல். கலவை சற்று ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) இருக்க வேண்டும், ஆனால் ஹெட் 90 முதல் 100 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சூடு ஏறவில்லை என்றால் ஹெட்டில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். எரிபொருளை வெள்ளமாக விட்டு, புகை கக்க, குளிர்ச்சியாக ஓட்டிப் பழக்குவது பழைய முறை. அதில் ஸ்லீவ் விரியவே விரியாது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை பிஸ்டன் அந்த ஒடுக்கத்தில் மோதிக்கொண்டே இருக்கும். பிஞ்ச் பழகுவதற்குப் பதில் தேய்ந்து போகும்.

ஒவ்வொரு டேங்குக்கும் பிறகு எஞ்சினை நிறுத்தி, பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்துவிட்டு முழுக்க ஆறவிடுங்கள். பிஸ்டன் மேலே நிற்கும்போது ஆறினால் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். கீழ்முனைக்கு நேராகப் பிளைவீலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்ற வேண்டியதில்லை. அதன்பின் தடத்தில் அரைத் திராட்டிலில் இரண்டு மூன்று நிமிட ஓட்டங்களாக மூன்று டேங்க். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகை) மூடிக்கொண்டே முழுத் திராட்டில். மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை லிட்டருக்குள் எஞ்சின் பழகிவிடும். அவசரப்பட்டு இரண்டாவது டேங்கிலேயே பந்தய நீடில் வைத்தவர்களின் எஞ்சின்தான் ஆண்டு முடிவதற்குள் விற்பனைக்கு வருகிறது.

மேலப்பாளையம் வாசகர்: மே மாதம் மதியம் 40 டிகிரி வெயில். எஞ்சின் சூடு 125 டிகிரி காட்டுகிறது. ஆனால் எஞ்சின் சீஸ் ஆனது மதியத்தில் இல்லை, மாலை ஆறரை மணி ஓட்டத்தில். இது எப்படி?

பதில்: மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் மாலைதான். காரணம் காற்றின் அடர்த்தி. 25 டிகிரியில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரியில் அதே கொள்ளளவில் காற்று 5 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் அதற்குத் தேவையான எரிபொருளும் குறைவு. காலையில் சரியாக இருந்த நீடில் மதியம் ரிச்சாகத் தெரியும், எஞ்சின் மந்தமாகும், நீங்கள் நீடிலை மூடுவீர்கள். அதுவரை தப்பில்லை. பொழுது சாய்ந்து மேலக்காற்று இறங்கியதும் காற்று அடர்ந்துவிடும். நீடில் அதே மூடிய இடத்திலேயே நிற்கும். எரிபொருள் போதாது. எரிபொருளோடு கலந்து வருவதுதான் இந்த எஞ்சினுக்கு எண்ணெய் என்பதால் எண்ணெயும் போதாது. வண்டி அன்று முழுக்க இல்லாத வேகத்தில் பறக்கும். ஓட்டுகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். நாலாவது நிமிடத்தில் நின்றுவிடும்.

ஐந்து மணிக்குப் பிறகு ஓட்டம் இருந்தால், வண்டியைத் தடத்தில் இறக்குவதற்கு முன் ஹை ஸ்பீடு நீடிலைக் கடிகார முகத்தில் ஐந்து நிமிடத் தொலைவு, அதாவது சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இடப்பக்கம் திறந்துவிடுங்கள். இரண்டு சுற்று ஓட்டிப் புகையைப் பாருங்கள். நேர்ப்பாதையில் மெல்லிய நீலப் புகைக் கோடு தெரிய வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு வெயில் வந்து வந்து போவதால் இந்த வேலை ஒரே நாளில் மூன்று நான்கு முறைகூட வரும்.

125 டிகிரி பற்றி: பிளக்கை ஒட்டி அளந்தால் 100 முதல் 120 டிகிரி பொதுவான வரம்பு. ஆனால் வெப்பமானித் துப்பாக்கி பளபளப்பான அலுமினியத்தில் குறைத்துக் காட்டும், கறுப்பு ஹெட்டில் சரியாகக் காட்டும். ஆகவே அடுத்தவர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்தில், ஒரே தூரத்தில், வண்டி உள்ளே வந்த ஐந்து விநாடிக்குள் அளந்து, உங்கள் எஞ்சினுக்கு எது வழக்கம் என்று குறித்து வையுங்கள். துப்பாக்கி இல்லையா, ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று நான்கு விநாடி கொதித்து ஆவியானால் சரி. விழுந்ததும் தெறித்து ஓடினால் உடனே நிறுத்துங்கள். ஹெட் இறகுகளுக்கு நடுவில் அப்பியிருக்கும் மண்ணைப் பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்வதும், பாடியின் முன் கண்ணாடியை வெட்டித் திறந்துவிடுவதும் நீடிலைத் திறக்காமலே சூட்டைக் குறைக்கும்.

சங்கரன்கோவில் வாசகர்: திராட்டிலை விட்டபிறகும் எஞ்சின் சுற்று இறங்க நேரமாகிறது. வளைவில் வண்டி நேராகப் போய்விடுகிறது. லோ ஸ்பீடு நீடிலைத் திறந்தும் போகவில்லை.

பதில்: காற்று கசிகிறது. கார்புரேட்டர் கழுத்து, பின் மூடி, முன் பேரிங் மூன்றையும் சந்தேகப்படுங்கள். ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது கார்புரேட்டர் கழுத்தைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சுற்று சட்டென்று மாறினால் அங்கேதான் கசிவு. ஓ-ரிங்கை மாற்றி, கார்புரேட்டரை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். டேங்கையும் விடாதீர்கள். பைப்பிலிருந்து வரும் அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வளையம் போயிருந்தால் எஞ்சின் ஒரு நேரம் ரிச், ஒரு நேரம் லீன் (எரிபொருள் குறைவு) என்று ஆடும். ஒரு குழாயை அடைத்து, மற்றொன்றில் ஊதி, டேங்கை வாளித் தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

கசிவு இல்லை என்று உறுதியானபின் லோ ஸ்பீடு நீடிலைச் சரிபாருங்கள். சூடான எஞ்சின் ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் அமுக்குங்கள். சுற்று கொஞ்சம் ஏறி, மூன்று விநாடியளவில் நின்றால் சரியான அளவு. அமுக்கிய உடனே நின்றால் லீன். ஏறிக்கொண்டே போய் ஐந்து விநாடி தாண்டினால் ரிச். கார்புரேட்டர் திறப்பு ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நீடில் தப்பாக இருப்பதை மறைக்கத் திறப்பைக் கூட்டி ஸ்லோ ஸ்பீடு வைப்பவர்கள் பலர். உங்கள் வண்டியிலும் அதுவே நடந்திருக்கலாம்.

வள்ளியூர் வாசகர்: நைட்ரோ எரிபொருள் விலை தாளவில்லை. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் வாங்கி வீட்டிலேயே கலக்கலாமா? பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஓட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதல் கேள்விக்கான பதிலைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். மெத்தனால் நஞ்சு. கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் கண்பார்வை போகும், உயிர் போகும்; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். வீட்டில் கலக்கும் வேலையே வேண்டாம். முத்திரை உடையாத கேனைப் பில்லோடு வாங்குங்கள். அந்தக் கேனிலும் பெரும்பங்கு மெத்தனால்தான் என்பதால் தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. பிட்டில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரோடு கலக்கும் என்பதால் தண்ணீர் தாராளமாக ஊற்றினால் அடங்கும்.

பெட்ரோல் ஓடாது. குளோ பிளக்கின் கம்பியில் இருக்கும் பிளாட்டினம், மெத்தனால் ஆவி படும்போது வேதிவினையால் தானே செந்தணலாக இருக்கிறது; அதனால்தான் ஸ்டார்ட் செய்தபின் மின்சாரத்தை எடுத்துவிடுகிறோம். பெட்ரோலிடம் அந்த வினை இப்படி நடக்காது.

நைட்ரோமீத்தேன் எதற்கு என்றால்: ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.5, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 போதும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தானே கொண்டுவருகிறது. அதே அளவு காற்றில் பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆற்றல் கிடைக்கும். பந்தயத்துக்கு 25 சதவீதம் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெடிமருந்து மூலப்பொருள் சட்டத்தால் உரிமம் இல்லாதவர்களுக்கு 16 சதவீதம்தான், அவர்களும் நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமானால் பயிற்சிக்கு 16 வாங்கலாம். அப்போது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஷிம்மில் (மெல்லிய உலோக வளையத்தில்) 0.1 மி.மீ. குறைத்து, நீடிலைக் கொஞ்சம் மூட வேண்டும். திரும்ப 25-க்கு வரும்போது ஷிம்மைத் திரும்பப் போட மறந்தால் பிளக் கம்பி வரிசையாக அறுந்துகொண்டே இருக்கும்.

தூத்துக்குடி வாசகர்: இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்திருந்தேன். பின் பேரிங் கரகரவென்கிறது.

பதில்: துரு. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் சொல்லவே வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் டேங்கை வடித்து, மிச்ச எரிபொருள் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் வழியும் பிளக் துளை வழியும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓட்டத்துக்குப் பின் போடும் துருத்தடுப்பு எண்ணெய்) ஐந்தாறு சொட்டு விட்டுச் சுற்றிவிட வேண்டும். இப்போது பேரிங்கை மாற்றியாக வேண்டும். கிராங்க்கையும் ரப்பர் பாகங்களையும் எடுத்துவிட்டு, கிராங்க் அறையை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, மரப்பலகையில் கவிழ்த்துத் தட்டினால் பேரிங் தானாக விழும். சுத்தியல் வேண்டாம். சமையலுக்குப் பயன்படும் அவனில் இதைச் செய்யாதீர்கள். அறை சூடாக இருக்கும்போதே புதியதை நேராக இறக்குங்கள். அறை திறந்திருக்கும் நேரத்தில் ராடின் இரு முனை ஆட்டத்தையும் பாருங்கள்; ராடை எட்டுப் பத்து லிட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ராட் அறுந்தால் ஸ்லீவ், பிஸ்டன், அறை மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

தென்காசி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்: அண்ணே, என்னிடம் இருப்பது 1/10 பக்கி, 18 எஞ்சின், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. அதில் 21 எஞ்சினைப் போட்டால் ஜெயிக்கலாமா?

பதில்: தம்பி, வேண்டாம். எஞ்சின் மவுண்ட் பொருந்தாது, பொருந்த வைத்தாலும் டிஃபரன்ஷியல் பல் தாங்காது. 1/10-க்கு 18, அதாவது 3 சி.சி. போதும். பிக்கப் இல்லை என்பதுதான் குறை என்றால் முதலில் கிளட்சைப் பார். அதை மூடியிருக்கும் பெல் என்ற கிண்ணத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் 5×10×4 பேரிங் கரகரக்கிறதா, ஷூ வழவழவென்று பாலிஷ் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஷூவை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்டு. பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

கயிறு இழுக்கும்போது கை பாறையில் மோதியது மாதிரி நின்றால் பலம் கொடுத்து இழுக்காதே. எரிபொருள் உள்ளே நிரம்பியிருக்கிறது. திரவம் அமுங்காது, ராட்தான் வளையும். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, முகத்தைத் தூர வைத்துக்கொண்டு நாலு தடவை மெதுவாக இழு. எல்லாம் வெளியே வந்துவிடும். எரிபொருள் ஊற்றும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.